தீபாவளி வேலை நகரவில்லையா? எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்ப்போம்

இந்த வருஷம் (2026) தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இதை நான் எழுதுவது செப்டம்பர் நடுவில், புரட்டாசி பிறக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது. கையில் எட்டு வாரம் இருக்கிறது. கேட்க நிறைய மாதிரி இருக்கும். அந்த எட்டு வாரத்தை நம்பித்தான் வருஷா வருஷம் முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டர் போல வந்தால் வரும் பட்டணம். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. அப்பா தோட்டத்தில் கிராணியாக (கணக்குப்பிள்ளையாக) இருந்தார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆட்களை வரிசையில் நிற்க வைத்து வேலை பிரிக்கும் களத்துக்குப் போகும்போது ஒன்றிரண்டு தடவை என்னையும் மோட்டாரில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போயிருக்கிறார். பெரட்டில் யாரும் “போய் வேலையைப் பாருங்கள்” என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்ததில்லை. இன்னாருக்கு இந்த நிரை (மர வரிசை), இன்னாருக்கு அந்த நிரை, இன்னார் களை வெட்டப் போகணும் என்று பெயர் சொல்லி இடம் சொல்லி அனுப்புவார்கள். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறும். ஐந்து நிமிஷத்தில் களம் காலி.

வீட்டில் நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் உத்தரவு எப்படி இருக்கிறது? “தீபாவளி வேலையை ஆரம்பிக்கணும்.” எந்த நிரை, எந்த மரம், ஒன்றும் கிடையாது. என் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இத்தனை வருஷம் பார்த்ததில், தள்ளிப்போகும் வேலை ஒவ்வொன்றுக்கும் அடியில் எடுக்காத சின்ன முடிவு ஒன்று மாட்டிக்கொண்டு கிடக்கிறது. என்ன அளவு, என்ன நிறம், யாருக்கு எவ்வளவு, எந்த நாள். அதைப் பிடுங்கி எடுத்துவிட்டால் வேலை பெரும்பாலும் அரை நாளில் முடிந்துவிடுகிறது.

ஆகவே கீழே வேலைவாரியாகச் சொல்லவில்லை, அறிகுறிவாரியாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது தெரிகிறதோ அதற்கு நேராகப் போங்கள்.

அறிகுறி: “சம்பளம் வரட்டும்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள்

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் இந்த வருஷத்து நாள்காட்டி. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும். தோட்டத்திலும் ஆலையிலும் பல இடங்களில் அந்த ஏழாம் தேதி வரை இழுப்பார்கள். அக்டோபர் சம்பளத்துக்குக் கடைசி நாள் நவம்பர் 7, சனிக்கிழமை. மறுநாள் தீபாவளி. அந்தச் சம்பளத்தை நம்பி உட்கார்ந்தால், சனிக்கிழமை மத்தியானம் ஊரே கடைத்தெருவில் நிற்கும்போது நீங்களும் நிற்பீர்கள். அதுவும் மழையில்.

செய்ய வேண்டியது: செப்டம்பர் சம்பளத்தை, அதாவது அக்டோபர் 7-க்குள் கைக்கு வருவதை, தீபாவளிச் சம்பளம் என்று இன்றைக்கே பெயர் வைத்துவிடுங்கள். அக்டோபர் சம்பளம் கறிக்கும் அங்பாவுக்கும் (உறையில் வைத்துக் கொடுக்கும் காசு) மட்டும். முன்பணம் கொடுக்கும் இடத்தில் வேலை என்றால் எந்தத் தேதியில் கொடுப்பார்கள் என்று இப்போதே ஆபீஸில் கேட்டு எழுதி வையுங்கள். கேட்காமலே “கொடுப்பாங்க” என்று இருப்பதும் தள்ளிப்போடுவதில் ஒரு வகைதான்.

காசு உண்மையிலேயே போதவில்லை என்றால் அதைச் சோம்பல் கணக்கில் எழுதித் திட்டிக்கொள்ளாதீர்கள். அதற்கு மருந்து வேறு: அடுத்த வருஷத்துக்கு மாதம் கொஞ்சம் ஒதுக்குவது. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி (ரிங்கிட்), பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னவர். தோட்டங்களையே வாங்க வழிசெய்த முறை ஒரு புடவைக்கும் ஒரு பிள்ளைக்குச் சட்டைக்கும் போதாதா என்ன? கூட்டு (சீட்டு) கட்டுவதைப் பற்றிக் கேட்பீர்கள். நானும் முன்பு கட்டியவள்தான். ஆனால் கூட்டைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, தலைவி பணத்தோடு ஊரை விட்டுப் போனால் யாரிடமும் போய் நிற்க முடியாது. பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது மேல்.

அறிகுறி: பட்டியல் இருக்கிறது, கடைக்கும் போகிறீர்கள், வெறுங்கையோடு திரும்புகிறீர்கள்

இதன் புது வடிவம்: இணையக் கடையான ஷாப்பியில் கூடை நிறைந்திருக்கிறது, பணம் கட்டும் பட்டனை மட்டும் அமுக்கவில்லை. ராத்திரி படுக்கையில் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, திருப்தியாக மூடிவிட்டுத் தூங்குவது. கூடையில் போட்டதே வாங்கிய மாதிரி மனசுக்குப் பட்டுவிடுகிறது.

சோதித்துப் பாருங்கள். பட்டியலில் எப்படி எழுதியிருக்கிறது? “அண்ணி பிள்ளைகளுக்குத் துணி” என்றா? அது பட்டியலே கிடையாது. அண்ணி கிள்ளானில் இருக்கிறார். பெரியவனுக்கு என்ன அளவு என்று எனக்குத் தெரியாது. போன தீபாவளிக்கு இடுப்பு வரை இருந்தவன் இப்போது தோள் வரை வந்திருப்பான். கடையில் போய் நின்று, பத்தாம் நம்பரா பன்னிரண்டா என்று இரண்டு சட்டையையும் தூக்கித் தூக்கிப் பார்த்து, “அப்புறம் கேட்டுட்டு வாங்கலாம்” என்று வைத்துவிட்டு வருவேன். மூன்று வருஷம் இதே கதை.

இப்போது என்னிடம் ஒரு 555 நோட்டுப்புத்தகம் இருக்கிறது. மளிகைக்கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, சட்டைப் பையில் அடங்கும், அதே புத்தகம். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், அளவு, கட்டும் நிறம், கட்டாத நிறம், போன வருஷம் கொடுத்தது, இந்த வருஷம் எவ்வளவு வெள்ளிக்குள். அளவு தெரியாத பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுவேன். அண்ணிக்கு இப்படி அனுப்பினேன்: “அண்ணி, பெரியவன் இப்ப போட்டிருக்கிற பள்ளிக்கூடச் சட்டைக் காலரைத் திருப்பி நம்பரைப் படம் எடுத்து அனுப்புங்க.” இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது. “அளவு என்ன?” என்று கேட்டால் அளந்து சொல்கிறேன் என்பார்கள், அளக்கமாட்டார்கள். காலரைத் திருப்பு என்றால் திருப்புவார்கள். செருப்புக்கு, பிள்ளையைப் பழைய பேப்பரில் நிற்க வைத்துக் காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து, வெட்டி, அந்தப் பக்கத்திலேயே மடித்துச் செருகிவிடுங்கள். கடையில் செருப்புக்குள் அந்தப் பேப்பரைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்கு எதிர்ச்சாட்சி ஒன்று என் வீட்டிலேயே இருக்கிறது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. தீபாவளிக்கு முதல் நாள் படையலில் வைக்க அவருக்கு ஒரு வேட்டி வாங்குவேன். எத்தனையோ வேலை தள்ளிப்போயிருக்கிறது, அந்த வேட்டி ஒரு வருஷமும் தள்ளிப்போனதில்லை. பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாசம்தான். ஆனால் அதற்கு அளவு பார்க்க வேண்டியதில்லை, நிறம் கேட்க வேண்டியதில்லை, அதே கரை, அதே நாலு முழம். யோசிக்க ஒன்றும் இல்லாததால் ஆகஸ்டிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது. புத்தகத்தில் இருக்கிற மற்றவர்களையும் அந்த வேட்டி மாதிரி ஆக்க முடிந்தால் போதும்.

முடிவு வராத ஆள் ஒருவர் எல்லாப் பட்டியலிலும் இருப்பார். எங்கள் பட்டியலில் சின்னம்மா. எதைக் கொடுத்தாலும் “எதுக்கும்மா இதெல்லாம்” என்று அலமாரிக்குள் வைத்துவிடுவார். அவருக்கு மூன்று வருஷமாக நல்லெண்ணெயும் சீயக்காய்த்தூளும் நல்ல சந்தன சோப்பும் வைத்து ஒரு கூடை. தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தேவையானது, அலமாரியில் வைத்துப் பூட்ட முடியாது. யோசித்து யோசித்துக் கிடைக்காத ஆளுக்குத் தீர்ந்துபோகிற பொருளாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

ஈப்போ லிட்டில் இந்தியாவுக்கா, கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கா, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவுக்கா என்று குடும்பத்தில் விவாதம் நடந்தால், விவாதத்தை நிறுத்திப் பக்கத்தில் இருப்பதற்குப் போங்கள். தூரத்துக் கடைக்கு ஒரு நல்ல நாள் பார்த்துப் போகலாம் என்று காத்திருப்பதில்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமை போகிறது.

அறிகுறி: புடவை ஜூலையிலேயே வாங்கியாச்சு, பிளவுஸ் துணி இன்னும் அலமாரியில்

இது நானேதான். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. புடவையை ஜூலையில் எடுத்தேன், மயில் கழுத்து நிறம். தையல் அக்கா வீடு ஐந்து நிமிஷ நடை. அக்டோபர் முதல் வாரம் வரை துணி கொடுக்கவில்லை. கேட்டால் நேரமில்லை என்பேன். உண்மை என்னவென்றால் கழுத்து எப்படி வைப்பது என்று முடிவாகவில்லை. பானைக் கழுத்தா, படகுக் கழுத்தா, பின்னால் கயிறு வைக்கலாமா, இந்த வயசில் கயிறு நன்றாக இருக்குமா. கைப்பேசியில் நாற்பது படம் சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொரு புதுப் படமும் முடிவை இன்னும் ஒரு நாள் தள்ளியது.

கடைசியில் போனபோது அக்கா, “கண்ணு, பதினைஞ்சு நாளைக்கு முன்னயே ஆர்டரை மூடிட்டேனே” என்றார். வேறு இடத்தில் கொடுத்தேன். முதல் நாள் சாயங்காலம் கைக்கு வந்தது. கொக்கி வைக்கவில்லை, இடது கை தூக்க முடியாத அளவுக்கு இறுக்கம். ஐந்து ஊசி குத்திக்கொண்டு, பூசையறையில் தட்டைத் தூக்காமல் நகர்த்தி வைத்துத் தீபாவளி கொண்டாடினேன். தைத்தவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அவர் மேசையில் அன்றைக்குக் கிடந்த துணி மலை அப்படி.

சரி செய்யும் முறை: உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய பிளவுஸ் ஒன்றைத் துணியோடு சேர்த்துக் கட்டி, “இதே மாதிரி” என்று ஒரு சீட்டு எழுதி, பையை வாசல் கதவில் மாட்டுங்கள். படம் தேடுவதை நிறுத்துங்கள். புது மாதிரிதான் வேண்டும் என்றால் மாசி மாதம் தைக்கக் கொடுங்கள், அக்கா உட்கார வைத்துப் பேசுவார்.

எப்போது கொடுக்க வேண்டும்? நமக்குத் தோன்றும் நாளை நம்பாதீர்கள். கனடாவில் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். முடிக்க 55 நாளுக்கு மேல் ஆனது. 1994-இல் வெளியான ஆய்வு. பிளவுஸுக்கும் இந்தக் கணக்கு சரியாக வருகிறது. இரண்டு வாரம் என்று பட்டால் மூன்றரை வாரம் என்று எழுதுங்கள், அதற்கு மேல் போட்டுப் பார்த்துத் திருத்த ஒரு வாரம். இந்த வருஷத்துக்கு அது அக்டோபர் முதல் வாரத்தில் வந்து நிற்கிறது. அக்கா ஆர்டரை மூடுவதற்கு முன்னால் என்றால் செப்டம்பர் கடைசி வாரம்.

அறிகுறி: சுத்தம் செய்ய ஆரம்பித்தால் பழைய ஆல்பத்தில் போய் முடிகிறது

ஞாயிறு காலை அலமாரியைத் திறக்கிறோம். பத்து நிமிஷத்தில் தரையில் உட்கார்ந்து, லயத்து வீட்டு வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து, “இது யாரு, மண்டோர் வீட்டுப் பாட்டியா?” என்று அத்தையிடம் கேட்கிறோம். அத்தை ஆரம்பித்தால் மத்தியானம் ஆகிவிடும்.

இங்கே எடுக்காத முடிவு: எதைத் தூக்கிப் போடுவது. ஒவ்வொரு பொருளும் கையில் வந்து அந்தக் கேள்வியைக் கேட்கிறது, பதில் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, மனசு ஆல்பத்துக்குள் ஓடிப்போகிறது. தீபாவளிக்கு முன்னால் எதையும் தூக்கிப் போட வேண்டாம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். துடைப்பது, கழுவுவது, அவ்வளவுதான். கழிப்பதெல்லாம் மார்கழி கடைசியில் போகிக்கு.

அப்புறம் மழை. மேற்குக் கரையில் நமக்கு அக்டோபரும் நவம்பரும்தான் மழை கொட்டும் மாதங்கள், அதுவும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு. ஜன்னல் துணி, மெத்தை உறை, மிதியடி மூன்றையும் செப்டம்பருக்குள் துவைத்துவிடுங்கள். அக்டோபரில் துவைத்தால் மூன்று நாள் வீட்டுக்குள் தொங்கி ஒரு வாடை வரும், தெரியும்தானே.

வீட்டுக்குச் சாயம் அடிப்பதும் இதில்தான் வரும். என் வீட்டுக்காரர் ஆலையில் ஷிப்ட் வேலை. “ஏங்க, சாயம்?” என்றால் “அடுத்த ஞாயிறு” என்பார். நான்கு அடுத்த ஞாயிறு போனபிறகு கவனித்தேன், நிற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பழைய டின் மூடியில் நிறத்தின் எண் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்து அவர் சட்டைப் பையில் வைத்தேன். அன்றைக்கே வாங்கி வந்தார். முன்கூடத்துச் சுவர் மட்டும், காலை எட்டிலிருந்து பன்னிரண்டு. பின்கட்டை யார் பார்க்கப்போகிறார்கள்?

அறிகுறி: எல்லாம் தெரிகிறது, எடுத்தும் வைத்தாச்சு, ஆனாலும் கை போகவில்லை

இதில் முடிவெல்லாம் இருக்கும், நேரமும் இடமும் மட்டும் இருக்காது. 1997-இல் ஜெர்மனியில் கோல்விட்சர், பிராண்ட்ஸ்டாட்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தோம் என்று மாணவர்கள் இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பண்டிகை நேரம், யாருக்குக் கை வரும்? பாதிப் பேரிடம் எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே குறிக்கச் சொன்னார்கள். குறித்தவர்களில் நான்கில் மூன்று பங்கு அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். எனக்கு அது படித்தவுடனே பெரட்டுக்களம்தான் ஞாபகம் வந்தது.

அதனால் 555 புத்தகத்தின் கடைசிப் பக்கம் என் செக்ரோல். “வெள்ளிக்கிழமை, பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) போகும் வழியில், தையல் அக்கா வீட்டில் பை.” “திங்கள், பேங்க் திறந்ததும், ஐந்து வெள்ளிப் புதுத்தாள் அங்பாவுக்கு.” புதுத்தாள் வேலையைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள், சில்லறைத்தாள் தீர்ந்து பத்து வெள்ளியாகத்தான் இருக்கிறது என்பார்கள், பட்ஜெட் இரட்டிப்பாகும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எதுவும் எழுதாதீர்கள். பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து வேலை நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

அறிகுறி: பலகாரம் இன்னும் ஆரம்பிக்கவில்லை

நிறுத்துங்கள். இதில் பாதி கோளாறே இல்லை. சீக்கிரம் செய்தால் கெட்டுப்போகிறவற்றைத் தாமதமாகச் செய்வது புத்திசாலித்தனம். செப்டம்பரில் முறுக்கு சுட்டு வைத்துவிட்டுப் பெருமைப்பட்ட ஒருத்தியை எனக்குத் தெரியும் (கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்). தீபாவளியன்று டின்னைத் திறந்தபோது சிக்கு வாடை.

முறுக்கு, ஓமப்பொடி: காற்றுப்புகாத டின்னில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஆகவே அக்டோபர் கடைசி வாரம். ஆனால் அரிசி மாவும் வறுத்த உளுந்து மாவும் அதற்கு முன்னாலேயே அரைத்துச் சலித்து வைக்கலாம். சுடுகிற நாளைத் தள்ளிவைப்பது சுடுவதற்குப் பயந்து இல்லை, மாவு மில்லுக்குப் போகச் சோம்பல்பட்டுத்தான். மாவு டப்பாவில் இருந்தால் ஒரு சாயங்காலம் போதும். சுட்ட முறுக்கைச் சூட்டோடு டின்னில் போட்டு மூடாதீர்கள். உள்ளே ஆவி கட்டும், மறுநாள் நமத்துப்போகும். மூங்கில் தட்டில் பேப்பர் விரித்துப் பரப்பி, கையில் எடுத்தால் சூடு தெரியாத வரை ஆறவிட்டு, அப்புறம் மூடுங்கள்.

அச்சு முறுக்கு: மாவு அச்சை விட்டுக் கழலாமல் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் இதில் எல்லாருக்கும் வரும் கோளாறு. புது அச்சு என்றால் முதல் நாள் ராத்திரியே எண்ணெயில் ஊறப் போடுங்கள். சுடும்போது அச்சைக் காயும் எண்ணெயிலேயே வைத்துச் சூடாக்கி, சொட்டு வடித்து, மாவில் முக்கால் அளவுக்கு முக்குங்கள். மேல் விளிம்பு மூழ்கினால் முறுக்கு அச்சைக் கட்டிக்கொள்ளும், கத்தி வைத்துத்தான் எடுக்கணும். அச்சு சூடாக இருந்தால் மாவில் வைத்ததும் ‘சுர்’ என்று ஒரு சத்தம் வரும். சத்தம் வரவில்லை என்றால் திரும்ப எண்ணெய்க்குள்.

பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) இந்த அச்சு முறுக்குக்குத்தான் காத்திருப்பார். அவர்கள் குவே ரோஸ் என்பார்கள். ரயாவுக்கு (நோன்புப் பெருநாளுக்கு) அவர் பலகாரம் கொடுத்த டின்னை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று நான் வைத்திருப்பேன், தீபாவளிக்கு நிரப்பிக் கொடுப்பேன். அந்தக் காலி டின் சமையலறை மேடையில் ஆறு மாதமாக உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைவிட நல்ல நினைவூட்டல் எந்தக் கைப்பேசியிலும் இல்லை.

நெய் உருண்டை ஒரு வாரம் முன்னால். அதிரச மாவு இரண்டு மூன்று நாளாவது புளிக்க வேண்டும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கை வராது என்றால் வாங்கிவிடுங்கள், அதிரசம் சுடத் தெரியாதவர் சுட்டால் எண்ணெயில் கரையும். கச்சான், கடலை வகைக்கு ஈப்போ புந்தோங் பக்கம் போனால் போதும், அந்த ஊர் அதற்கே பேர் போனது.

கறிக்கு ஆர்டர் மட்டும் சீக்கிரம் கொடுங்கள். தக்காளி, சின்ன வெங்காயம் போன்றவற்றுக்குப் பண்டிகை ஒட்டிய சில நாட்களுக்கு அரசாங்கம் அதிகபட்ச விலை நிர்ணயிப்பது வழக்கம். அறிவிப்பு வந்தபிறகு வாங்கலாம், முன்கூட்டி மூட்டை கட்டி அழுக வைக்க வேண்டாம்.

அறிகுறி: சீக்கிரமாகவே வாங்கிவிட்டீர்கள், எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை

முன்கூட்டியே வேலை செய்பவர்களுக்கு மட்டும் வரும் நோய். மறைத்து வைத்த இடம் மறந்துபோய் இரண்டாவது தடவை வாங்குவது. எல்லாம் ஒரே பெட்டியில், பெட்டி கட்டிலுக்கு அடியில், நோட்டுப்புத்தகத்தில் டிக். பில்லையும் அந்தந்தப் பக்கத்தில் செருகி வையுங்கள், அளவு மாற்ற வேண்டுமானால் உதவும்.

அறிகுறி: நவம்பர் 6 ஆகிவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை

சரி, ஆனது ஆச்சு. முதலில் உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். பிறகு நான்கு மட்டும்: படையலுக்கு வேண்டியது, பிள்ளைகளுக்குத் துணி, காலைக் குளியலுக்கு எண்ணெய், கறி. இந்த வரிசையில். மற்றது எல்லாம் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள், பென்சிலால் இல்லை, பேனாவால்.

பெரியவர்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை என்றால் அங்பாவில் வைத்துக் கொடுங்கள், யாரும் கோபித்துக்கொண்டதில்லை. தூரத்தில் இருப்பவர்களுக்கு இனி பார்சல் போட்டுப் பதறாதீர்கள், “தீபாவளி முடிஞ்சு நேர்ல வந்து கொடுக்கிறேன்” என்று சொல்லி, போகும் தேதியையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஜன்னல் துணி துவைக்காமலே இருக்கட்டும், விளக்கு ஏற்றினால் அழுக்கு தெரியாது. திங்கட்கிழமை பதில் விடுமுறை இருக்கிறது, வருகிறவர்களை அன்றைக்கு வரச் சொல்லலாம்.

முறுக்கைக் கடையில் வாங்கி உங்கள் வீட்டு டின்னில் மாற்றிப் போடுங்கள். அத்தை ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உங்களைப் பார்ப்பார். பார்க்கட்டும். இன்னொன்று எடுத்துக் கொடுங்கள்.